கடைசி வரிசையில் போய் உட்காருங்கள்: கேள்வி பதில்

கேள்வி: 40 நிமிட வகுப்புக்கு எத்தனை ஸ்லைடு வைக்கலாம்?

எண்ணிக்கையை விடுங்கள். வகுப்பு முடிந்ததும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரிக்கு உதவாத ஸ்லைடு வேண்டாம்.

கேள்வி: எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்?

24 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். அப்புறம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: வீடியோவில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

எந்தக் கேபிள்? விஜிஏ என்றால் படம் மட்டும்தான் போகும், ஒலிக்குத் தனி வயர் வேண்டும். எச்டிஎம்ஐ என்றால் ஒலியும் ப்ரொஜெக்டருக்கே போய்விடும். அதன் குட்டி ஸ்பீக்கர் முனகும், அல்லது அதுவும் இருக்காது. லேப்டாப்பின் ஒலி அமைப்பில் வெளியீட்டை மாற்றி, ஹெட்போன் துளையிலிருந்து அறை ஸ்பீக்கருக்கு வயர் இழுங்கள். இதை வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே செய்யுங்கள். கடைசி வரிசையில் நின்று கேட்டும் பாருங்கள்.

கேள்வி: 'படிப்பதில் 10, கேட்பதில் 20, செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்' என்று காட்டும், அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் கூம்புப் படத்தை முதல் ஸ்லைடாக வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1946இல் டேல் வெளியிட்ட கூம்பில் ஒரு எண்கூட இல்லை. அடியில் நேரடி அனுபவம், உச்சியில் வெறும் சொல் என்று கற்கும் வழிகளை வரிசைப்படுத்தினார், அவ்வளவுதான். சதவீதங்கள் பிற்பாடு யாரோ ஒட்டியவை.

கேள்வி: எங்கள் பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கிறதே?

கையேட்டைப் பார்த்துக் கையேடு எழுதினால் அப்படித்தான். யாரிடம் சோதித்தார்கள், எத்தனை நாள் கழித்துக் கேட்டார்கள் என்று அதில் தேடிப் பாருங்கள். எந்தச் சோதனையிலாவது விடைகள் இப்படிப் பத்துப் பத்தாக வருமா?

கேள்வி: எண் தப்பானாலும் கருத்து சரிதானே?

பாதி சரி. முடிச்சுப் போடக் கற்றுத்தர வேண்டுமா, கயிற்றைக் கையில் கொடுங்கள். இதயத்தில் ரத்தம் ஓடும் வழிக்கு, நீங்கள் பேசிக்கொண்டே கட்டம் கட்டமாக வரையும் ஒரு படம் போதும். பாடம்தான் கருவியைத் தீர்மானிக்கிறது. கூம்பை இறுக்கமான விதியாக எடுக்க வேண்டாம் என்று டேலே எச்சரித்திருக்கிறார். கூம்புக்கு இதுவே கடைசிப் பதில்.

கேள்வி: ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்கலாமா?

கூடாது. நீங்கள் வாசிக்கும் வேகம் வேறு, அவர்கள் கண்ணோட்டும் வேகம் வேறு. படத்துக்கு விளக்கம் சொல்லும்போது அதே விளக்கத்தை எழுத்தாகவும் ஓடவிட்டால் கற்றல் குறைகிறது என்று உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டின. பேச்சு முக்கியமான இடத்தில் திரையையே அணைத்துவிடுங்கள். பவர்பாயின்டில் ஸ்லைடு ஓடும்போது பி விசையை அழுத்தினால் திரை கருப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

கேள்வி: வேறு கணினியில் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரிந்தது.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவா? எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாறுங்கள். ஒரு பிடிஎஃப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: எந்த ப்ரொஜெக்டர் வாங்கலாம்?

என் துறை இல்லை. தினமும் அதைப் பயன்படுத்தும் ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: எழுத்து அளவு எவ்வளவு என்று சொல்லவில்லையே?

மேலே இரண்டாவது பதில். கடைசி வரிசை.

கேள்வி: ஐயா, எனக்கும் வீடியோவில் சத்தம் வரவில்லை.

எந்தக் கேபிள்?