கேட்டால் உறவு அறுந்துவிடுமா?

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே பயம் தெரிகிறது: சட்டத்திடம் போனால் இருப்பதும் கைவிட்டுப் போய்விடுமோ என்று.

1990இல் கொண்டுபோன மகன் இன்னும் வரவில்லை. சான்றிதழ் எடுத்தால், அவன் செத்துவிட்டான் என்று நானே கையெழுத்து வைத்ததாகிவிடாதா? (ஒரு தாய், வாகரை)

இல்லை அம்மா. நீங்கள் பயப்படுவது மரணச் சான்றிதழுக்கு. அதைவிட வேறொன்று இருக்கிறது. 2016இல் மரணப் பதிவுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களம் தருகிறது. மகன் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. அதை வைத்து அவருடைய காணியைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

தேடும் பொறுப்பு காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கு. இழப்பீட்டுக்கு 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் தனி அலுவலகம் வந்தது. என் பிள்ளையின் விலை இவ்வளவுதானா என்று பணத்தை மறுக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சான்றிதழையும் அதோடு சேர்த்து மறுக்க வேண்டாம். மருமகளின் வங்கி அலுவலும் காணி அலுவலும் அது இல்லாததால்தான் இத்தனை வருடமாக இழுபடுகின்றன. நீங்கள் அதை எடுத்த பிறகும் மகன் எங்கே என்று கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருங்கள்.

மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதினோம். இப்போது எங்களுக்கு விறாந்தைதான் மிச்சம். சாப்பாட்டுக்கும் அவர்கள் மனது வைக்க வேண்டும். (71 வயது, களுவாஞ்சிக்குடி)

பெண்வழியாகச் சொத்தைக் கொடுத்த நம் பழைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் வழக்கொழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் வீடு பெண்பிள்ளைக்கு என்ற வழக்கம் நம்மிடம் அப்படியே இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. உறுதியை உடைக்க வழக்குப் போடும்படி இந்த வயதில் உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன், ஐயா. இப்போது தேவை சோறும் மருந்தும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி, 60 வயது கடந்தவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இன்னொன்று: மகன்மார் மனைவி வீட்டோடு போய்விட்டார்கள் என்று அவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் அதே கடமை உண்டு.

இனிமேல் உறுதி எழுதப்போகிறவர்கள், சீவிய உரித்தை, அதாவது உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விவாகரத்து வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும். காதி நீதிமன்றத்துக்கா போவது? (ஒரு சகோதரி, காத்தான்குடி)

முஸ்லிம்களின் விவாகரத்தைப் பார்க்கும் காதி நீதிமன்றத்துக்கு அல்ல, நீதவான் நீதிமன்றத்துக்கு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், எந்த விவாகச் சட்டத்தின் கீழ் முடித்தவருக்கும் பொது. முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. இதனால் உங்கள் விவாகத்துக்கு ஒன்றும் ஆகாது. காயம் இருந்தாக வேண்டும் என்பதுமில்லை, மனதை வதைப்பதும் இதற்குள் அடங்கும். உங்களுக்காகப் பொலிஸாரும் மனுச் செய்யலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 1938.

பொலிஸ் நிலையம் ஒன்றில் வைத்து அடித்தார்கள். மூன்று வாரமாகிவிட்டது. பகை வேண்டாம் என்கிறார் அப்பா. (கல்முனை)

தம்பி, அப்பாவுடன் பிறகு பேசலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குக் கல்முனையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வைத்தியசாலையில் தந்த துண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.