விமானக் குண்டு தண்ணீருக்குள் நேராகப் போகுமா?

கடல் கண்ணிவெடியை அழிக்க மேலிருந்து போடும் குண்டு, தண்ணீருக்குள்ளும் அதே கோட்டில் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நம்ப முடியாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும்.

முக்கியமானது, நுழையும்போது குண்டைச் சுற்றி உருவாகும் காற்றுக்குழி. அது இருக்கும்வரை மூக்கு மட்டுமே தண்ணீரில் படும். குழி மூடியதும் தண்ணீர் முழு உடலையும் பிடித்துக்கொள்ளும். மோதலில் வால் துடுப்பு முறிந்துவிட்டால், அப்புறம் பாதை வளையும், குண்டு புரளவும் செய்யும்.

இந்தக் குழியையே பயன்படுத்த அமெரிக்கக் கடற்படை முயன்றது: ஹெலிகாப்டரிலிருந்து 30 மி.மீ. தோட்டா. தட்டையான அதன் மூக்கு தண்ணீரை விலக்க, நீராவிக் குமிழி உடலை மூடிக்கொள்ளும். மேற்பரப்பை ஒட்டிய கண்ணிகளுக்கு மட்டுமே அது.