ஃப்ரான்க்ஸ் வாங்கலாமா?

கேள்வி: மாருதி ஃப்ரான்க்ஸைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பா ஆறடி உயரம், பெரும்பாலும் பின்சீட்டில்தான் உட்காருவார். வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அழகான வண்டிதான். ஆனால் அந்த அழகுக்காகவே கூரை பின்பக்கம் சரிந்து இறங்குகிறது, உயரமானவர்களுக்கு அங்கேதான் சிக்கல். ஷோரூமுக்கு அப்பாவையும் கூட்டிப்போய், பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து பத்து நிமிடம் உட்காரச் சொல்லி, உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிறதா என்று நீங்களே கைவைத்துப் பாருங்கள். டிக்கி 308 லிட்டர், குடும்பத்தோடு நீண்ட பயணம் என்றால் கொஞ்சம் நெருக்கடி. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 190 மி.மீ., நம் வேகத்தடைகளுக்குத் தாராளம். ஊருக்குள் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினே போதும், அடிக்கடி மலை ஏறுவீர்கள் என்றால் இழுவை அதிகமுள்ள 1.0 லிட்டர் டர்போ இன்ஜினையும் ஓட்டிப் பாருங்கள். அப்பாவுக்குத் தலை இடிக்கிறதா? சரி, அப்போது கூரை நேராகப் போகும் ஹூண்டாய் வென்யூ பக்கம் வாருங்கள்.