பழைய கிங் சீக்கோ – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். ஞாயிறு ஒருநாள் ஓய்வு. எழுபதுகளின் கிங் சீக்கோ வாட்ச் ஒன்று வாங்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. பழம்பொருள் சந்தையில் தேடுவதா, கடைக்குப் போவதா? மும்பையிலிருந்து இணையத்தில் விற்கிற பழைய சீக்கோக்கள் புத்தம்புதிதாக மின்னுகின்றன, விலையும் குறைவு. பேசாமல் அதில் ஒன்றை வாங்கிவிடலாமா?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

மின்னுவதுதான் பிரச்சினையே. ஐம்பது வருட வாட்சின் டயல் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தால், பெரும்பாலும் நேற்று அச்சடித்ததுதான். பழைய இயந்திரத்தின் மேல் புதுப் பெயின்ட் அடித்த டயலைப் பொருத்தி விற்பது இங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக்குறியோடு சேராமல் விலகி நிற்கும். நேரம் பார்க்க ஒரு வாட்ச் போதும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. உங்கள் ஆசைக்கு அது ஆகாது.

டோக்கியோவில் நகானோ பிராட்வேக்குப் போங்கள். ஷின்ஜுகுவிலிருந்து சூவோ ரயிலில் ஐந்தாறு நிமிடம். 1966இல் திறந்த வளாகம். மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை, பொம்மைக் கடைகளுக்கு நடுவே பழைய வாட்ச் கடைகள். வாட்சைக் கையில் கொடுத்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். பின்மூடியில் 5626-7111 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் இயந்திரத்துக்கு, அடுத்த நான்கு கூட்டுக்கு, அதாவது வெளி உறைக்கு. மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளேயும் 5626 இருக்கவேண்டும். தனியாக இருக்கும் வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடம், இரண்டாவது மாதம். 03 என்று தொடங்கினால் இந்த மாடலுக்கு அது 1970 மார்ச். (நவம்பருக்கும் டிசம்பருக்கும் ‘என்’, ‘டி’ என்ற ஆங்கில எழுத்துகள்.) ஜப்பானுக்குள் விற்றதில் கிழமை காஞ்சி என்கிற ஜப்பானியச் சித்திர எழுத்திலும் வரும். அதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

அப்புறம், சாவியை முதல் படிக்கு இழுத்துத் திருப்பித் தேதி மாறுகிறதா என்று பாருங்கள். அங்கே உள்ள சின்ன பிளாஸ்டிக் பாகம் உடைவது இந்த 56இல் தொடங்கும் இயந்திர வரிசையின் பேர்போன வியாதி. மாற்றுப் பாகம் லேசில் கிடைக்காது.

கீறல் விழுந்ததை ஒதுக்கவேண்டாம். வார் மாட்டும் முனைகள் கூர்மையாக இருந்தால் பாலிஷ் படாத கூடு என்று அர்த்தம். பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கிய கூட்டைவிட, கீறலோடு கூர்மையாக இருப்பதற்கே நான் காசு கொடுப்பேன்.

சந்தை என்றால் மாதத்தில் சில ஞாயிறுகளில் யுராகுச்சோ பக்கம் ஓஎடோ சந்தை கூடும். பார்க்கப் போங்கள், முதல் வாட்சை அங்கே வாங்காதீர்கள். திறந்து காட்டச் சொல்ல வசதிப்படாது. ‘ஜங்க்’ என்று எழுதியிருந்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்கள் பாடு. சந்தையில் பணிவாகக் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். கடையில் ஒட்டியிருப்பதுதான் விலை, நம்மூர்ப் பேரம் வேண்டாம். சர்வீஸ் எப்போது ஆனது, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை மட்டும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.