டிகேஇன்டரில் பாயின் படம் ஏன் தெரியவில்லை?

பத்தமடைப் பாய்க் கடைக்குப் பைத்தான் நிரல்மொழியில், திரைச் சாளரங்களை அமைக்கும் டிகேஇன்டர் நூலகத்தைக் கொண்டு எழுதிய விலைப்பட்டியல் செயலியில், பிழைச் செய்தி இல்லாமலேயே படத்தின் இடம் வெறுமையாக இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கோப்பின் பெயரைச் சந்தேகிக்க வேண்டாம். அது தவறென்றால் பிழைச் செய்தி வந்திருக்கும். படத்தைத் தாங்கும் போட்டோஇமேஜ் பொருளைச் சார்புக்குள் (ஃபங்ஷன்) ஓர் உள்மாறியில் வைத்திருப்பீர்கள். சார்பு முடிந்ததும் மாறி மறைகிறது. பைத்தான் படத்தையும் நினைவகத்திலிருந்து அழித்துவிடுகிறது. படத்தைத் திரையில் காட்டும் லேபிளுக்குப் படத்தின் பெயர் மட்டுமே தெரியும், அதைப் பிடித்து வைக்காது. விந்தையான வடிவமைப்புதான்! லேபிளிலேயே ஒரு பண்பாக (அட்ரிபியூட்) படத்தைச் சேமித்துவிடுங்கள்.

டிகேஇன்டருக்கு அடியில் இயங்கும் டிகே 8.6, பிஎன்ஜி வகைப் படக்கோப்பைத் திறக்கும், ஜேபெக்கைத் திறக்காது. ஜேபெக்கில் உள்ள கைபேசிப் படமென்றால், படங்களைக் கையாளும் பைத்தான் நூலகமான பில்லோவால் திறந்து, சுருக்கிய பிறகே ஏற்றுங்கள். 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் பிடிக்கும். சுருக்கும்போது கோரையின் நுண்ணிய கோடுகள் அலையலையாகக் கெடலாம். அதைக் குறைக்க, பில்லோவின் சுருக்கும் முறைகளில் ஒன்றான லான்சோஸ் வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள்.