பூ பஞ்ச் மாட்டிக்கிச்சா?

கேள்வி: பொண்ணோட சேர்ந்து பர்த்டே கார்டு செய்யலாம்னு பூ ஷேப் பஞ்ச் (பட்டன அமுக்கினா பேப்பர பூ மாதிரி வெட்டுற சின்ன கருவி) வாங்கினேன், பத்து பூ வெட்டுறதுக்குள்ள பேப்பர் உள்ள மாட்டிக்கிச்சு, ஓரமெல்லாம் பிசிறா வருது, என்ன பண்றது மேடம்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: கவலையே படாதீங்கம்மா, பஞ்ச் கெட்டுப்போகல. அனேகமா கிளிட்டர் ஷீட்டோ தடி அட்டையோ வச்சிருப்பீங்க, சின்ன பஞ்சுக்கு 120ல இருந்து 160 ஜிஎஸ்எம் (பேப்பர் கனத்தோட அளவு) பேப்பர் போதும், ஜெராக்ஸ் பேப்பர் 70, 80 தான்ங்கறதால அது துவண்டு கிழியும். மாட்டினத சுத்தியால தட்டிடாதீங்க ப்ளீஸ், திருப்பிப் பிடிச்சு பட்டன மெதுவா மேல தள்ளுங்க, வந்துரும். அப்புறம் அலுமினிய ஃபாயில நாலா மடிச்சு பத்து பதினஞ்சு தடவ பஞ்ச் பண்ணா முனை கொஞ்சம் கூராகும், மெழுகுவர்த்தி தேச்ச பேப்பர்ல ரெண்டு மூணு தடவ பண்ணா வழுக்கிட்டு ஓடும்.

இன்னொன்னு, பஞ்ச கவுத்துப் பிடிச்சு வெட்டுங்க, எங்க விழுதுன்னு கண்ணுக்குத் தெரியும், பேப்பர் வீணாகாது.

கார்டுக்கு ஏ4 அட்டைய பாதியா வெட்டி மடிச்சா ரெண்டு கார்டு. எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுக்குப் பூ: ஒரே பூவ மூணு வெட்டி இதழ பென்சில்ல சுருட்டி, ஒன்னுமேல ஒன்னு கொஞ்சம் திருப்பி ஒட்டி, நடுவுல ஒரு கல்லு பொட்டு வைங்க, அவ்ளோ அழகா இருக்கும்! பசை மட்டும் பல்குச்சி நுனியில தொட்டு வைங்க, நிறைய வச்சா பேப்பர் நெளிஞ்சிடும்.