ஹெட்லைட் மங்கலா? ரிலே போடுங்கள்

கேள்வி: என் பழைய காரில் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, ஸ்விட்சும் சூடாகிறது. வயரிங் முழுவதையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) ஹெச்4 பல்பு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் வரை ஓடும். அவ்வளவும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வரை போய்த் திரும்பினால் வழியிலேயே வோல்டேஜ் குறையும், ஸ்விட்சும் கருகும். ரிலே என்பது, சிறு மின்சாரத்தால் இயங்கி, பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச். இரண்டு ரிலே உள்ள ரெடிமேட் செட் வாங்குங்கள். ஒரு பல்பின் பழைய மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றி இந்த செட்டில் செருகினால் போதும், இனி அது ரிலேயைத் தட்டிவிட மட்டும்தான். மற்ற பல்பின் பழைய சாக்கெட்டை டேப் சுற்றி ஒதுக்கிவிடலாம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது. எர்த் வயரை, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கி முடுக்குங்கள், பல வண்டிகளில் அந்தத் துருப்பிடித்த போல்ட்தான் வில்லன். அப்புறம், 100 வாட் பல்பு மாட்டாதீர்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசும், ஹோல்டரும் உருகும்.